காட்டு மரத்தில் பூ எடுப்பது: எவ்வளவு, எப்படி, எதைத் தொடவே கூடாது?

இளவேனில்:
வணக்கம். வீட்டு மருந்துக்காகக் காட்டு மரங்களில் பூ சேகரிக்கலாம் என்று ஓர் எண்ணம். மூலிகைச் செடி, கொடி பற்றி இங்கே நிறைய இழைகள் இருக்கின்றன, மரம் பற்றி அதிகம் காணவில்லை. மரம் பெரியது, பூவோ ஆயிரக்கணக்கில் பூக்கிறது, கொஞ்சம் எடுத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் படிக்கிற இடத்திலெல்லாம் ஒரு கணக்கு சொல்கிறார்கள். ஓரிடத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கலாம், இன்னோரிடத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. எது சரி? எட்டாத கிளையை வளைக்கலாமா, வெட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சருகுமான்:
இளவேனில், இந்தப் பங்குக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆள் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் 67 சதவீதம் மிச்சம். அடுத்து வருபவருக்கு முன்னால் ஒருவர் வந்துபோனது தெரியாது. மரத்தில் இருப்பதில் மூன்றில் ஒன்றை அவரும் எடுப்பார். இப்படியே போனால் ஐந்தாவது ஆள் இறங்கும்போது மரத்தில் 13 சதவீதப் பூதான் இருக்கும். ஐந்து பேருமே விதியை மீறவில்லை! பத்தில் ஒன்று என்று வைத்தால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். இந்த விதி ஒரே மரம், ஒரே ஆள் என்று நினைத்துச் சொல்லப்பட்டது.

நான் கேட்கும் கேள்வி வேறு. இந்தப் பூவை வைத்து மரம் செய்யவேண்டிய வேலை முடிந்துவிட்டதா, இல்லையா? இலுப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அல்லிவட்டம், அதாவது இதழ்ப் பகுதி, சதைப்பற்றாக இருக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் அது தானாகக் கழன்று விழும், காயாக வேண்டிய சூல்பை மட்டும் காம்பிலேயே நின்று காயாகும். அதிகாலையில் கீழே கிடப்பதைப் பொறுக்கினால் ஒரு காய்கூடக் குறையாது. மகிழமும் அதே குடும்பம், அதே கதை. பவளமல்லி மாலையில் மலர்ந்து விடியும்போது உதிர்ந்துவிடும். இந்த மாதிரி மரங்களில் கிளையைத் தொடவே தேவையில்லை.

இதற்கு மாறாக, மொட்டையோ கொத்தையோ கிள்ளினால் வரப்போகும் காயையும் விதையையும் சேர்த்தே கிள்ளுகிறோம். அங்கே மூன்றில் ஒன்று என்பது மிகவும் அதிகம்.

கிளை வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். வளைப்பதிலும் கவனம் தேவை. கிளை கவட்டில் கிழிந்தால் தண்டுப் பட்டையும் சேர்ந்து உரிந்து வரும், அந்தக் காயம் ஆற வருடக்கணக்காகும்.

தேன்சிட்டு:
சருகுமான் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. காயும் விதையும் மட்டும் கணக்கில்லை, பூ மலர்ந்திருக்கும் அந்த நாட்களும் கணக்குத்தான்.

புரசு, இலவு, கல்யாணமுருங்கை மூன்றும் இலையெல்லாம் கொட்டிய பிறகு, வறட்சியான நாட்களில் பூக்கிறவை. சுற்றிலும் வேறெதுவும் பூக்காத நேரம் அது. தேன்சிட்டு, மைனா, கரிச்சான், அணில், தேனீ எல்லாம் அந்த ஒரு மரத்தை நம்பித்தான் வரும். அப்போது நாம் துரட்டியோடு போய் நிற்பது நியாயமா? காட்டில் நூறு மரம் பூத்திருந்தால் ஒரு மரத்தில் கொஞ்சம் எடுப்பது பெரிய விஷயமில்லை. தனியாக ஒன்றே ஒன்று பூத்து நின்றால் அதைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

குளிர் நாடுகளில் எல்டர் மரப்பூவைச் சளிக்காக எடுப்பார்கள். அதில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படை. இன்று ஒரு கொத்துப் பூ எடுத்தால் பின்னால் பறவைக்கு ஒரு கொத்துப் பழம் இல்லை. இடையில் கழித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

கசாயப்பிரியன்:
எல்லோரும் உதிர்ந்த பூவைப் புகழ்கிறீர்கள். நான் மறுக்கிறேன். மண்ணில் கிடந்த பூவில் எறும்பு, பூஞ்சை, எச்சம் எல்லாம் இருக்கும். ஈரத்தில் ஒரு ராத்திரி கிடந்தாலே நிறம் போய்விடுகிறது. மருந்துக்கு என்று வந்தால் தரம் வேண்டும்.

இன்னொன்று, எல்லா மருந்துக்கும் மலர்ந்த பூ உதவாது. கிராம்பு என்பதே மலராத மொட்டுத்தான். ஜப்பான் பகோடா மரம் என்று ஒன்று உண்டு, அதன் மொட்டில் ரூட்டின் என்ற மருந்துப் பொருள் அதிகம், மலர்ந்துவிட்டால் குறைகிறது. சீன மருத்துவத்தில் மூக்கடைப்புக்கு மக்னோலியாவின் மொட்டைத்தான் சேர்க்கிறார்கள். உதிரும் வரை காத்திருந்தால் இதெல்லாம் கிடைக்குமா? மரத்தை மதிக்கிறேன், தொட்டு வணங்கிவிட்டுத்தான் பறிக்கிறேன். அதற்காக மருந்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

சருகுமான்:
// மண்ணில் கிடந்த பூவில் எறும்பு, பூஞ்சை //

மண்ணில் ஏன் கிடக்கவேண்டும்? முந்தின சாயங்காலம் மரத்தடியில் பழைய வேட்டியோ கொசுவலையோ விரித்துவிட்டு விடியற்காலையில் போய் எடுங்கள். பூ மண்ணைத் தொடாது, பனியில் அதிக நேரம் நனையாது. வேம்பில் பூ பொடிப்பொடியாக உதிரும், அதற்குத் துணி விரிப்பதைவிட்டால் வேறு நல்ல வழியே இல்லை. எடுத்து முடித்ததும் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். வலையை அங்கேயே விட்டால் ஓணான், பாம்பு சிக்கிச் சாகும்.

இந்த விரிப்பு யோசனை சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இலுப்பைப் பூ பொறுக்குகிற பல காடுகளில் பூ கண்ணில் படவேண்டும் என்று மரத்தடிச் சருகைக் கொளுத்திவிடுகிறார்கள். நெருப்பு அங்கேயே நிற்பதில்லை. பூ எடுத்ததால் மரத்துக்கு ஒரு சேதமும் இல்லை, ஆனால் அடியில் முளைத்திருந்த கன்றெல்லாம் கருகிவிடும். கிழவி மரங்கள் நிற்கும், அடுத்த தலைமுறை இருக்காது. கூட்டல் கழித்தல் போடுபவர்கள் பூவை எண்ணுகிறார்களே தவிர இந்தத் தீயை எண்ணுவதில்லை.

மொட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. கிராம்பு தோட்டப் பயிர். மொட்டு மருந்து வேண்டும் என்றால் வளர்த்த மரத்தில் எடுக்கட்டும், காட்டு மரத்தில் வேண்டாம். வணங்கிவிட்டு எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பறிபோன மொட்டு மரத்தைப் பொறுத்தவரை பறிபோனதுதான்.

கசாயப்பிரியன்:
கடைசி வரி தேவையில்லாத குத்தல். இருந்தாலும் விரிப்பு யோசனையை ஏற்கிறேன்.

மருந்தறை:
நான் மருந்து தயாரிக்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நல்லது. எடுப்பவரையும் கொஞ்சம் காப்பாற்றுவோம்.

மஞ்சள் சரமாகத் தொங்கினால் சரக்கொன்றை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். லேபர்னம் என்ற அலங்கார மரமும் அப்படியேதான் தொங்கும். அதில் சைட்டிசின் என்ற நச்சு இருக்கிறது, மரத்தின் எந்தப் பாகமும் பாதுகாப்பானதல்ல. பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. கொன்றைப் பூவுக்கு ஐந்து இதழும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிந்திருக்கும், இலை பல ஜோடிச் சிற்றிலைகளோடு நீளமாக இருக்கும், காய் உருளைத் தடி போல ஒரு முழத்துக்கு நீளும். லேபர்னத்தில் பூ பட்டாணிப் பூ வடிவம், இலையில் மூன்றே சிற்றிலை, காய் குட்டையாகத் தட்டையாக இருக்கும்.

வேம்பிலும் குழப்பம் உண்டு. பூ வெள்ளையாக, இலை ஒரே வரிசைச் சிறகு போல இருந்தால் வேம்பு. பூ இளம் ஊதாவாக, இலை கிளைக்குள் கிளையாகப் பிரிந்திருந்தால் அது மலைவேம்பு வகை, அதன் பழம் நஞ்சு. மஞ்சள் அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இதயத்தை நிறுத்தக்கூடியது. அரளியில் பால் வடியும் என்பதால் "பால் வந்தால் விஷம்" என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். இலுப்பைக்கும் பால் உண்டு, பால் இல்லாத லேபர்னம் விஷம்.

பூவை மட்டும் பார்த்து எந்த மரத்தையும் முடிவு செய்யக் கூடாது. பூ, இலை, பட்டை, காய் நான்கையும் பார்க்கவேண்டும். எனவே அந்த மரம் காய்க்கும் பருவத்திலும் ஒருமுறை போய்ப் பார்த்தவர்தான் பூக்கும் பருவத்தில் பறிக்கத் தகுதியானவர். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயர் தேடலைத் தொடங்க உதவும். அதை வைத்து வாயில் போட முடியாது.

அப்புறம் "இயற்கையானது, அதனால் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு. ஒன்றும் செய்யாது என்றால் மருந்தாக மட்டும் எப்படி வேலை செய்யும்? ஹாதார்ன் என்ற குளிர்நாட்டு முள்மரத்தின் பூவும் இலையும் இதயத்துக்கு நல்லது என்று எடுப்பார்கள், ஏற்கெனவே இதய மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கொன்றை மலத்தை இளக்கும், வயிற்றுப்போக்கு உள்ளவருக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். எல்டரில் பூ சரி, ஆனால் இலை, தண்டு, பழுக்காத காய் ஆகியவற்றில் சயனைடு வெளியிடும் பொருள் உண்டு. அதனால் கொத்தைக் காம்போடு கொதிக்கவைக்கக் கூடாது. வேப்பெண்ணெயைச் சின்னக் குழந்தைகளுக்கு உள்ளே கொடுத்து ஆபத்தாக முடிந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வீட்டுப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

இடமும் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் மூலிகைச் சாகுபடிக்கும் சேகரிப்புக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. சாலையோரம், சாக்கடை, சுரங்கம், குப்பைமேடு, மருந்து தெளித்த வயல் இவற்றின் பக்கம் எடுக்கவேண்டாம் என்பது அதில் அடிப்படை. நெடுஞ்சாலை ஓரத்துப் பூவில் வண்டிப் புகையும் தூசியும்தான் முதல் சேர்மானம்.

மட்டுறுத்துநர்:
இழை நன்றாகப் போகிறது. இரண்டு வேண்டுகோள்: யாரும் அளவு, வேளை என்று மருந்துச் சீட்டு எழுதவேண்டாம். மரம் இருக்கும் இடத்தையும் பகிர வேண்டாம். ஒரு படம் இந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டிருக்கிறது.

இளவேனில்:
மருந்தறை அவர்களுக்கும் சருகுமான் அண்ணனுக்கும் நன்றி. இடத்தை ஏன் பகிரக் கூடாது என்பது மட்டும் புரியவில்லை. நாலு பேருக்கு உபயோகப்படட்டுமே?

இன்னொரு சந்தேகம். பூ சில வாரம்தான் இருக்கிறது. பட்டை வருடம் முழுக்கக் கிடைக்கும், சக்தியும் அதிகம் என்கிறார்களே? ஒரு கையளவு உரித்தால் மரம் தாங்காதா?

வேரடிமண்:
பட்டை என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். வனத்துறை சார்ந்த வேலையில் இருந்தவன்.

பட்டைக்கு உள்பக்கம் புளோயம் என்ற திசு இருக்கிறது. இலை சமைக்கும் உணவு அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அதற்கும் உள்ளே மெல்லிய கேம்பியம், புதுத் திசுவை உண்டாக்குவது அதுதான். தண்டைச் சுற்றி ஒரு வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். இலை கொஞ்ச காலம் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் தண்ணீர் மேலே போவது சைலம் வழியாக, அது கட்டைக்குள் இருக்கிறது. உரித்தவர் "மரம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். வேர் சேமிப்பு தீர்ந்ததும் மரம் சாகும். வளையமாக இல்லாமல் கையளவு எடுத்தால் உடனே சாகாது, உண்மை. ஆனால் அந்தத் திறந்த காயத்தில் பூஞ்சையும் துளைப்பான் பூச்சியும் நுழையும். அடுத்து வருபவர் பக்கத்திலேயே இன்னொரு கையளவு எடுப்பார். சருகுமான் சொன்ன ஐந்து பேர் கணக்கு இங்கே வளையத்தில் முடியும்.

ஆப்பிரிக்காவில் பைஜியம் என்ற மரம். ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு அதன் பட்டைச் சாறு உலகம் முழுக்க விற்கிறது. தண்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் தலா கால்பங்கு மட்டும் உரிக்கவேண்டும், பிறகு ஆறவிட வேண்டும் என்று முறை வகுத்தார்கள். நடந்ததோ முழு உரிப்பு, பல இடங்களில் மரத்தையே சாய்த்தார்கள். கடைசியில் 1995-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது சேர்ந்தது, அதாவது நாடு விட்டு நாடு போக அனுமதி வேண்டும்.

அசோகு இன்னொரு உதாரணம். பெண்களுக்கான மருந்துகளில் அதன் பட்டைக்குப் பெரிய தேவை. மரமோ அழியும் ஆபத்திலுள்ள இனமாக ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. தேவைக்கு மரம் போதாததால் சந்தையில் நெட்டிலிங்கப் பட்டையை அசோகப் பட்டை என்று கலக்கிறார்கள். ஆக, காடும் போயிற்று, மருந்தும் போயிற்று.

என் கருத்து இதுதான்: பொழுதுபோக்காகச் சேகரிப்பவர் நிற்கும் மரத்தின் பட்டையையும் வேரையும் தொடக் கூடாது. "கொஞ்சம்" என்ற பேச்சே வேண்டாம். காற்றில் முறிந்து விழுந்த கிளை, தோட்டத்தில் கழித்துப்போட்ட கிளை, அதில் உரித்துக்கொள்ளுங்கள்.

இடம் பகிர்வது பற்றி: படத்தில் கைப்பேசி இடக்குறிப்பைத் தானே எழுதிவைக்கும். மரத்தைத் தேடி வருபவரில் ஒருவர் பூ பொறுக்குவார், இன்னொருவர் கத்தியோடு வருவார். மரத்தால் ஓடி ஒளிய முடியாது. முதலில் இடத்தின் சட்டத்தையும் பாருங்கள். பல காப்புக்காடுகளில் உதிர்ந்த பூவை எடுப்பதற்கே அனுமதி வேண்டும், தனியார் நிலமென்றால் உரியவரைக் கேட்கவேண்டும்.

கசாயப்பிரியன்:
// காப்புக்காடுகளில் உதிர்ந்த பூவை எடுப்பதற்கே அனுமதி //

இதைத்தான் கேட்க நினைத்தேன். காட்டிலேயே வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பூ, பட்டை, வேர் எல்லாம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காடு அழிந்துவிடவில்லையே? அவர்களைச் சட்டம் காட்டி நிறுத்துவதுதான் மரியாதையா?

வேரடிமண்:
இல்லை, நான் சொன்னது அவர்களுக்கு இல்லை. எந்த மரத்தில் எந்த வருடம் எடுத்தோம், எதை ஓய்வுக்கு விட்டோம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அடுத்த வருடமும் அதே மரத்துக்குத்தான் வரவேண்டும் என்பதால் கை தானாக அளவோடு நிற்கும். அதையே வெளி வியாபாரி எடைக்குக் காசு கொடுத்து அவசரப்படுத்தும்போதுதான் பழக்கம் உடைகிறது. பைஜியம் கதையும் அப்படித்தான்.

விடுமுறைக்கு வந்து பை நிறைய அள்ளிக்கொண்டு போகும் நம்மைப் போன்றவருக்கு அந்த நினைவும் இல்லை, திரும்பி வரும் கட்டாயமும் இல்லை. பூ பொறுக்கி வாழும் ஒரு குடும்பம் அங்கே இருந்தால் நமது "இயற்கை மருத்துவ ஆர்வம்" அவர்கள் வருமானத்தில் கை வைக்கிறது என்பதையும் யோசிக்கவேண்டும். அவர்களிடமே வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

தேன்சிட்டு:
இதைப் படிக்கும்போது நிம்மதியாக இருக்கிறது. பறவை பார்க்கும் குழுக்களில் கூட்டின் இடத்தைச் சொல்லாமல் இருப்பது எழுதாத சட்டம். மரத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்னச் சேர்க்கை. பறித்த பூவை உடனே பையில் கட்டாதீர்கள். வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் கொஞ்ச நேரம் விட்டால் உள்ளே இருக்கும் வண்டும் தேனீயும் தானாக வெளியே போய்விடும். தண்ணீரில் அலசினால் அவையும் செத்து, மகரந்தமும் போய்விடும்.

நாற்றங்கால்:
இவ்வளவு பேசியும் யாரும் நடுவதைப் பற்றிப் பேசவில்லையே! கொன்றை விதை ஓடு கல் மாதிரி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். விதையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். வேம்பும் இலுப்பையும் நேர் எதிர். பழம் விழுந்த சில வாரங்களில் விதை முளைக்கும் திறனை இழந்துவிடும், அதனால் எடுத்தவுடன் சதையை நீக்கி விதைத்துவிட வேண்டும். டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினால் அடுத்த வருடம் வெறும் குப்பை.

காட்டில் பொறுக்கிய விதையிலும் எல்லாவற்றையும் அள்ளவேண்டாம். பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கன்றுகளில் வகை வேறுபாடு இருக்கும். ஒரே மரத்து விதை என்றால் நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

இளவேனில்:
பட்டை ஆசையை விட்டுவிட்டேன், போதுமா! இந்தப் பருவம் மகிழமும் பவளமல்லியும் மட்டும், அதுவும் விரிப்பில் விழுவதை மட்டும். கடைசியாக ஒன்று: உலர்த்துவது எப்படி? வெயிலில் போட்டால் சீக்கிரம் முடியுமே?

மருந்தறை:
வெயில் வேண்டாம், நிறமும் மணமும் வெளுத்துவிடும். காற்றோட்டமான நிழலில், கம்பி வலையிலோ பருத்தித் துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். தினமும் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இதழ் விரலில் நொறுங்கவேண்டும், காம்பு வளையாமல் முறியவேண்டும். இதழ் காய்ந்து காம்பு ஈரமாக இருக்கும்போது டப்பாவில் அடைப்பதால்தான் பூஞ்சை வருகிறது. மகிழம்பூ காய்ந்த பிறகும் மணம் விடாது, அதனால் மணத்தை வைத்து ஈரத்தைக் கணிக்காதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு முதல் வாரம் தினமும் பாருங்கள். உள்சுவரில் நீராவி படிந்தால் திரும்ப வெளியே கொட்டிப் பரப்புங்கள். பூசணம் பிடித்ததைச் சலித்து, காயவைத்துக் காப்பாற்றப் பார்க்கவேண்டாம், மொத்தத்தையும் உரக்குழிக்குப் போடுங்கள். மரத்தின் பெயர், எடுத்த தேதி இரண்டையும் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள்.

இளவேனில்:
உரக்குழிக்குப் போகாத அளவுக்கு மட்டும் எடுக்கிறேன். பவளமல்லிக் காம்பு ஆரஞ்சு நிறத்தில் தனியாக இருக்கிறதே, அதைக் கிள்ளிவிட்டு உலர்த்தவேண்டுமா, சேர்த்தேவா?

மருந்தறை:
அது காம்பு இல்லை, பூவின் குழல் பாகம். சாயம் எடுப்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். சேர்த்தே உலர்த்துங்கள், குழல்தான் கடைசியில் காயும், அதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.